க்ளெனிஸ் பாத்த சுவர்

க்ளெனிஸ் ட்ரான்டருக்குக் கோவம் வந்தா குரல் ஏறாது, இறங்கும். ரொம்பக் கோவம்னா நாமதான் குனிஞ்சு காது குடுக்கணும். எங்க நாலாம் மாடியில எல்லாருக்கும் இது தெரியும். அவ சத்தம் போட்டுக்கிட்டு வந்தா ஒருத்தரும் தலை தூக்க மாட்டோம். முணுமுணுன்னு வந்தா கையில இருக்கறத கீழ வெச்சிடுவோம்.

இன்னொண்ணு, எல்லாரையும் ‘கண்ணு’ம்பா. டீன் வந்தாலும் கண்ணு, குப்பை எடுக்க வர்றவரும் கண்ணு. பேர் சொல்லிக் கூப்பிட்டான்னா எங்கயோ தப்பு நடந்திருக்குன்னு அர்த்தம்.

எனக்கு அவ குரல் நல்லா வரும். ஒரு தடவை கீழ மைக்ராஸ்கோப் புக் பண்ற ஆபீசுக்கு போன் போட்டு, "கண்ணு, வியாழக்கிழமை காலைல எனக்கு வேணாம், பக்கத்து லேப் பசங்களுக்குக் குடுத்துடு, பாவம்"னு சொல்லிட்டேன். குடுத்துட்டாங்க. வியாழக்கிழமை ஏழு மணிக்கு அந்த இருட்டு ரூம்ல நான் ஜம்முனு உக்காந்திருக்கேன், பின்னாடி கதவு திறக்குது. "ரோவன்"னா. அவ்ளோதான். நான் என் சாமானத் தூக்கிட்டு எந்திரிச்சுட்டேன். அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்கு அவங்க பக்கத்துலேருந்து ஒரு டிஷ்யூ பேப்பர் கூட எங்களுக்கு வரல.

நாங்க அவங்களுக்குப் பக்கத்து லேப். நடுவுல ஒரு கதவு, பூட்டு கிடையாது. அவங்ககிட்ட இருக்கற நல்ல சாமானெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா எங்க பக்கம் நகந்து வரும். நாங்க அத ‘எடுத்துட்டு வந்தோம்’னு சொல்லுவோம். க்ளெனிஸ் அதுக்கு வேற வார்த்தை வெச்சிருந்தா.

அவளுக்கு வயசு அம்பத்திரண்டு. இப்ஸ்விச் பக்கத்துலேருந்து ரயில் ஏறி ஆறே முக்காலுக்கெல்லாம் பிரிஸ்பேன் வந்துடுவா. லேபுக்கு வர்றதுக்கு முன்னாடி எட்டு வருஷம் ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கற வேலை. "தடி கையி, பயந்த கையி, நடுங்கற கையி, எதுவா இருந்தாலும் முதல் குத்துலயே நரம்பு கிடைக்கும் எனக்கு"ம்பா. பொய் இல்ல. பட்டம் கிட்டம் எதுவும் இல்ல, கை இருந்துச்சு. அந்தக் கையப் பாத்துத்தான் ஃபெர்கஸ் ஓக்‌ஷாட் அவள லேபுக்கு எடுத்தான். பத்தொம்பது வருஷம் ஆச்சு. ஃபெர்கஸ் புரொபசர்தான், ஆனா நாலாம் மாடியில ஃபெர்கஸ் வெறும் ஃபெர்கஸ்தான்.

அவங்க லேப் வேலை இதுதான். செல்லுக்கு ஒரு தோல் இருக்கு. தோல்னா நம்ம தோல் மாதிரி கெட்டி இல்ல. ஆட்டுக்கறி வேகவெச்ச சட்டியில மேல மிதக்கற கொழுப்பு மாதிரி வழவழன்னு ஓடிக்கிட்டே இருக்கும். அதுல புரோட்டீனுங்க மிதந்துக்கிட்டு அலையும். எங்க போகுது, எங்க நிக்குது, நடுவுல எதாவது தடுக்குதான்னு பாக்கணும். புரோட்டீன் கண்ணுக்குத் தெரியாது. அதனால அது முதுகுல ஒரு நானோ துகள ஏத்தி விடுவாங்க. உள்ள இரும்பு, மேல ஒளிர்ற சாயம், அதுக்கு மேல கொக்கி. கொக்கி போய் புரோட்டீனப் பிடிச்சுக்கும். மைக்ராஸ்கோப்ல பாத்தா இருட்டுல ஒரு புள்ளி அலையறது தெரியும். உள்ள இரும்பு இருக்கறதால காந்த ஊசிய கிட்ட கொண்டுபோனா புள்ளி இழுபட்டு வரும். ஏத்தி வெச்ச புரோட்டீனும் கூடவே வரும்.

சொல்லும்போது சுலபம். ஊசி செல்லத் தொடக் கூடாது, தள்ளியும் நிக்கக் கூடாது. நடுவுல ஒரு தலைமுடி போற இடம்தான் இருக்கணும். ஃபெர்கஸ் ஒரு நாள் "நானே பண்றேன்"னு உக்காந்தான். மூணு ஊசி ஒடஞ்சுது, செல்லெல்லாம் கூழாப் போச்சு. வெளிய வந்து, "பாரு, பாரு, இன்னிக்கு வந்த ஊசியே சரியில்ல"ன்னான். ஃபெர்கஸ் எத ஆரம்பிச்சாலும் "பாரு, பாரு"ன்னுதான் ஆரம்பிப்பான். கெட்ட சேதின்னா மூணு பாரு. அதே டப்பாவுல இருந்த நாலாவது ஊசிய எடுத்து க்ளெனிஸ் அன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் வேலை பாத்தா.

இவ்வளவு கை இருந்தும் அவ பேரு அச்சுல எங்க வரும் தெரியுமா? கட்டுரை முடிஞ்சு, படம் முடிஞ்சு, பணம் குடுத்தவங்க பேரெல்லாம் முடிஞ்சு, கடைசில பொடி எழுத்துல ஒரு வரி. ‘தொழில்நுட்ப உதவிக்காக க்ளெனிஸ் ட்ரான்டருக்கு நன்றி.’ மேல வர்றவங்கதான் கட்டுரை எழுதினவங்க, கண்டுபிடிச்சவங்க. கீழ வர்றவங்க உதவி.

"எத்தன தடவை வந்திருக்கு?"ன்னு ஒரு நாள் சும்மா கேட்டேன்.

"இருபத்திமூணு"ன்னா, யோசிக்கவே இல்ல. "அதுல ரெண்டுல என் பேரையே தப்பா போட்டிருந்தான்."

போன வருஷம் மார்ச்லதான் சுவர் வந்துச்சு.

ஒரு வியாழக்கிழமை, வழக்கம்போல ஊசி வெச்சு ஒரு புள்ளிய இழுத்திருக்கா. புள்ளி நேரா வந்துச்சு, வந்துச்சு, டக்குனு நின்னுடுச்சு. இன்னும் இழுத்துப் பாத்தா. நகரல. ஊசிய விலக்கினதும் ரப்பர் மாதிரி பின்னாடி போயிடுச்சு. அடுத்த புள்ளியும் அப்படியே. அடுத்த செல்லுலயும் அப்படியே. ஏறக்குறைய ஒரே தூரத்துல நிக்குது. ஒரு தலைமுடிப் பருமன்ல நூத்துல ஒரு பங்கு கூட இருக்காது அந்த தூரம், ஆனா ஒவ்வொரு தடவையும் அதே இடம். அந்த புரோட்டீன் தாராளமா சுத்தும், எதுலயும் முட்டாதுன்னுதான் அதுவரைக்கும் எல்லாரும் நெனச்சிருந்தாங்க.

அன்னிக்கு அவ மேல வந்தத நான் பாத்தேன். கையில சாப்பாடு வெச்ச பேப்பர் கவர், பிரிக்கவே இல்ல. "கண்ணு, அது போய் முட்டுதுடா"ன்னா. "எது?"ன்னேன். "உள்ள ஒரு சுவர் இருக்கு. நான் பாத்தேன்." குரல் மேல போயிருந்துச்சு. அவளுக்கு சந்தோஷம் வந்தா குரல் எங்க போகும்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

அவங்க லேப்ல பனியா ரெவிட்டின்னு ஒரு நியூசிலாந்துப் பொண்ணு. புள்ளி போற பாதைய கம்ப்யூட்டர்ல கோடா மாத்தறது அவ வேலை. பனியா அதிகம் பேச மாட்டா, பேனாவால மேசையத் தட்டுவா. பிடிச்சிருந்தா ஒரு தட்டு, பிடிக்கலைன்னா நிறுத்தாம தட்டிக்கிட்டே இருப்பா. சுவரப் பாத்துட்டு ஒரு தட்டு தட்டினா. "பளிச்சுனு இருக்கற புள்ளியா எடுத்துக் குடு க்ளெனிஸ், மங்கலா இருக்கறது கணக்குல சரியா வரல"ன்னு சொன்னா. க்ளெனிசும் பளிச்சுனு இருக்கறதா எடுத்துக் குடுத்தா. ஒன்பது மாசத்துல இருநூத்திச் சொச்சம் செல்லு. எல்லாத்துலயும் சுவர்.

ஃபெர்கஸ் நவம்பர்ல அவளக் கூப்பிட்டு சொன்னான். "பாரு, பாரு. இத மொதல்ல பாத்தது நீ. உன் பேர் மேல வரும். பனியா முதல்ல, நீ ரெண்டாவது."

அவ "ம்ம்"னுட்டு வந்துட்டா. எங்ககிட்ட ஒண்ணும் பெருசா காட்டிக்கல. ஆனா அந்த வாரம் மூணு தடவை, மூணும் வேற எதையோ பேசற சாக்குல, என்கிட்ட ஒண்ணு கேட்டா.

"ஏன் கண்ணு, பேரு போடும்போது நடுவுல இருக்கற எழுத்தும் போடுவாங்களா?"

"உனக்கு நடுவுல பேரு இருக்கா?"

"மேவ். எங்கம்மா வெச்சது. யாருக்கும் தெரியாது. போட்டா நல்லாருக்குமா?"

"ஜி. எம். ட்ரான்டர். கார் கம்பெனி மாதிரி இருக்கு"ன்னேன்.

"போடா"ன்னா. ஆனா போடச் சொல்லிட்டா. பனியா போட்டும் வெச்சா. கட்டுரை தயாரா இருந்துச்சு. டிசம்பர் ரெண்டாவது திங்கக்கிழமை பத்திரிகைக்கு அனுப்பறதா பேச்சு.

அதுக்கு முந்தின வாரம் பாதுகாப்பு சோதனை. வருஷா வருஷம் ரெண்டு பேரு கையில அட்டையோட வருவாங்க, ஃப்ரிட்ஜத் திறந்து, "இது என்ன? இதுல பேர் எங்க? தேதி எங்க?"ம்பாங்க. அதனால அதுக்கு முன்னாடி நாலாம் மாடி மொத்தமும் ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு இருக்கும். அவங்க லேப் ஃப்ரிட்ஜுக்கு க்ளெனிஸ்தான் ராணி. அதுல இருக்கற நானோ துகள் குப்பியெல்லாம் அலுமினியத் தாள்ல சுத்தி இருக்கும், வெளிச்சம் பட்டா சாயம் போயிடும்னு. சுத்தின தாளோடயே எடுப்பாங்க, தாளோடயே குலுக்குவாங்க, தாளோடயே உள்ள வெப்பாங்க. தாள் மேல அவ எழுதின எழுத்து ஈரத்துல அழிஞ்சு போயிருந்துச்சு. சோதனைக்காரங்க விட மாட்டாங்க. அதனால பிரிச்சு, கண்ணாடி மேலயே ஸ்டிக்கர் ஒட்ட உக்காந்தா.

நான் அந்த நேரம் பாத்து அலுமினியத் தாள் எடுக்க அவங்க பக்கம் போனேன். எடுத்துட்டுத் திரும்பினேன்.

"ரோவன்"னு கேட்டுச்சு. அவ்ளோ கிட்ட நின்னும் எனக்கு சரியா காதுல விழல.

"தாள் நாளைக்குத் திருப்பி..."

"தாள வெச்சுக்கோ. இங்க வா. இத பாரு."

குப்பிய வெளிச்சத்துல பிடிச்சா. அந்தத் தண்ணி லேசா டீ நிறத்துல இருக்கணும், மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே மாதிரி. இது குழாய்த் தண்ணி மாதிரி தெளிவா இருந்துச்சு. அடியில ஒரு ஓரமா பழுப்பா ஒரு பொட்டு. குலுக்கினா. பொட்டு கலைஞ்சு டீ மாதிரி ஆச்சு, ஆனா உத்துப் பாத்தா மண்ணு மண்ணா சுத்துது.

அவ குப்பி வெச்சிருந்த இரும்புத் தட்டுக்கு அடியில கைய விட்டா. ‘டக்’குனு ஒரு சத்தம். அவ கையில காந்தக் கட்டை வந்துச்சு.

அந்தக் கட்டைய எனக்கு நல்லாத் தெரியும். துகள தண்ணியிலேருந்து பிரிச்செடுக்க வெச்சிருக்கற பலமான காந்தம். நாங்க ரொம்ப நாளா தேடிக்கிட்டு இருந்தோம். இருக்கற நல்ல கட்டை நாலாம் மாடியில அது ஒண்ணுதான். எங்க கண்ணுல படாம இருக்கணும்னு அவ அத ஃப்ரிட்ஜ் தட்டுக்கு அடியில, கீழேருந்து ஒட்டி வெச்சிருக்கா. தட்டுக்கு மேல, சரியா அதுக்கு நேரா, துகள் குப்பி. ஒன்பது மாசமா ராவும் பகலும் காந்தம் அடியில உக்காந்து துகளையெல்லாம் இழுத்து ஒண்ணோட ஒண்ணு அமுக்கிக்கிட்டு இருந்திருக்கு.

அவ தன் நோட்ட எடுத்துப் பொரட்டினா. எல்லாத்தையும் எழுதி வெக்கறவ. மார்ச் ஒன்பது: ‘காந்தக் கட்டை ஃப்ரிட்ஜ் நடுத்தட்டுக்கு அடியில். பக்கத்து லேப் கண்ணுல படாம.’ மார்ச் பதினாலு: ‘புள்ளி நின்னது. மூணு செல்லுலயும்.’

நடுவுல அஞ்சே நாள்.

"பளிச்சுனு இருக்கறதா எடுத்தேன்டா"ன்னா. "பளிச்சுனு இருந்ததெல்லாம் கட்டி. ஒரு துகள் ஒரு புரோட்டீனப் பிடிச்சா, அது எந்த சந்துலயும் நுழைஞ்சு போகும். கட்டின்னா எத்தன கொக்கி? அம்பது புரோட்டீன ஒண்ணா பிடிச்சுக்கும். அம்பது பேரு கை கோத்துக்கிட்டு ஒரு வாசல்ல நுழைய முடியுமா? முட்டத்தான் முட்டும்."

"ஒருவேளை சுவர் நெஜமாவே..."

"தெரியாது. அதான் பாக்கணும்."

கீழ ரெண்டாம் மாடி கெமிஸ்ட்ரிலேருந்து அன்னிக்கே புதுசா ஒரு குப்பி வாங்கிட்டு வந்தா. காந்தம் இருக்கற பக்கமே அதக் காட்டல. வியாழக்கிழமை கீழ போனா. நானும் போனேன், அவ வேணாம்னு சொல்லல, வான்னும் சொல்லல. புள்ளியெல்லாம் மங்கலா இருந்துச்சு, இருக்கா இல்லயான்னு கண்ண இடுக்கிப் பாக்கணும். ஒண்ணப் பிடிச்சு ஊசி வெச்சா. இழுத்தா. வந்துச்சு. சுவர் இருந்த தூரம் வந்துச்சு. தாண்டிடுச்சு. அப்படியே வந்துக்கிட்டே இருந்து, படத்த விட்டே வெளிய போயிடுச்சு.

பதினோரு செல்லு பாத்தா. பதினொண்ணுலயும் போயிடுச்சு. ஒவ்வொண்ணும் ஓரத்துக்கு வரும்போது அவ "நில்லு, நில்லு"ன்னு மூச்சுக்குள்ள சொல்லிக்கிட்டு இருந்தா. பன்னெண்டாவதுக்கு எதுவும் சொல்லல. அதுவும் போச்சு.

விளக்கப் போட்டா. கண்ணக் கசக்கினா, வெளிச்சத்துக்காகவா வேற எதுக்காகவான்னு நான் பாக்கல.

"இது உனக்கும் எனக்கும்தான் தெரியும்"னேன்.

"ஆமா."

"குப்பியக் கொட்டிட்டா முடிஞ்சுது. யாருக்கும் தெரியப் போறதில்ல."

"அடுத்தவன் பண்ணிப் பாப்பான்டா. ஜப்பான்லயோ எங்கயோ. நல்ல குப்பி வெச்சிருப்பான். அவனுக்கு சுவர் வராது. நம்மகிட்ட என்ன தப்புன்னு தெரியாம அவன் ரெண்டு வருஷம் மண்டையப் பிச்சுக்குவான்."

"அதுக்குள்ள உன் பேரு மேல வந்திருக்கும்."

அவ என்னத் திரும்பிப் பாத்தா. நான் அத ஃபெர்கஸ் குரல்ல சொல்லியிருக்கேன்னு, வாய விட்டு வந்த பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது. சில சமயம் தானா வந்துடும்.

"இதுல விளையாடாத ரோவன்"னா. அத கேக்க நான் ரொம்பவே குனிய வேண்டியிருந்துச்சு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலைல பத்தரைக்கு டீ. நாலாம் மாடியில அந்த அரை மணி நேரம் ஒரு சட்டம் உண்டு: டீ மேசையில வேலையப் பத்தி வாயத் திறக்கக் கூடாது. திறந்தவங்கதான் எல்லார் கப்பையும் கழுவணும். அதனால கிரிக்கெட், வெயில், யார் வீட்டுக் குப்பைத்தொட்டிய ஐபிஸ் பறவை கவுத்துச்சு, இதுதான் பேச்சு. ஃபெர்கஸ் கூட வாய மூடிக்கிட்டு தேங்காத் துருவல் போட்ட லாமிங்டன் கேக் சாப்பிடுவான்.

க்ளெனிஸ் அன்னிக்கு உக்காரவே இல்ல. நின்னுக்கிட்டே சொன்னா. "சுவர் கிடையாது."

யாரோ சிரிச்சாங்க. "கப்பு உனக்குத்தான்"னு ஒருத்தன் சொன்னான்.

"கழுவறேன். ஃபெர்கஸ், பனியா, கேளுங்க." காந்தக் கட்டைய மேசை மேல வெச்சா. ஃப்ரிட்ஜ், தட்டு, குப்பி, ரெண்டு தேதி, நேத்து பாத்த பன்னெண்டு செல்லு. ஒண்ண விடாம சொன்னா. ஏன் ஒளிச்சு வெச்சாங்கறது மட்டும் வரல. எங்க லேப்ல நாலு பேரு எங்க எங்க கப்புக்குள்ள பாத்துக்கிட்டு இருந்தோம்.

ஃபெர்கஸ் லாமிங்டன கீழ வெச்சான். வாய் ஓரத்துல தேங்காத் துருவல். "பாரு, பாரு, பாரு. அவசரப்பட வேணாம். சில துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டுன்னு ஒரு வரி சேத்துக்குவோம். எல்லாரும் சேப்பாங்க அப்படி ஒரு வரி."

"சில இல்ல ஃபெர்கஸ். எல்லாமே."

"இருநூறு செல்லு க்ளெனிஸ்."

"இருநூறும் கட்டி."

"திங்கக்கிழமை அனுப்பறதா..."

"நீ அனுப்பறதுன்னா அனுப்பு. என் பேர எடுத்துட்டு அனுப்பு."

பனியா தட்ட ஆரம்பிச்சா. நிறுத்தவே இல்ல. கடைசில பேனாவ வீசிப் போட்டுட்டு சொன்னா, "ஒன்பது மாசம் கோடு போட்டேன். ஒவ்வொரு கோடா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தாளப் பிரிச்சுப் பாக்கணும்னு உனக்குத் தோணலையா?"

"தோணல."

"பளிச்சுனு இருக்கறத எடுன்னு நான் வேற சொன்னேன்"னா பனியா. அது க்ளெனிச சொன்னதா தன்னையே சொன்னதான்னு தெரியல. எந்திரிச்சுப் போயிட்டா.

க்ளெனிஸ் பதினேழு கப்பையும் கழுவினா. நான் துடைக்கப் போனேன். "போய் உன் வேலையப் பாரு கண்ணு"ன்னா. கண்ணுன்னு சொன்னது எனக்குத் திட்டின மாதிரிதான் இருந்துச்சு.

கட்டுரை போகல. அதுக்கப்புறம் வந்த மாசங்கள்ல அந்த லேப்ல யாரும் யார்கிட்டயும் முகம் குடுத்துப் பேசல. ஃபெர்கஸ் காரிடார்ல அவளப் பாத்தா போன எடுத்துக் காதுல வெச்சுக்குவான், ரிங் வந்திருக்காது. பனியா ஏப்ரல்ல நியூசிலாந்துல டனீடின்ல வேற வேலை கிடைச்சுப் போயிட்டா. க்ளெனிஸ் வியாழக்கிழமை வியாழக்கிழமை கீழ போயி மங்கல் புள்ளிகள இழுத்துக்கிட்டு இருந்தா. நூறு செல்லு பாத்தாச்சு. நாலுல மட்டும் நடுவுல கொஞ்சம் தயங்கின மாதிரி தெரிஞ்சுதாம். "தயங்கிச்சா, என் கண்ணு அசந்துச்சான்னு தெரியல. எழுதிக்கிட்டேன்"னா. அவ்ளோதான் பாக்கி.

மே மாசம் ஃபெர்கஸ் அவளக் கூப்பிட்டான். ஒரே ஒரு பாருதான் போட்டானாம், அதனால நல்ல சேதின்னு நெனச்சிருக்கா. "பாரு, நாலு பக்கத்துல ஒரு சின்னக் குறிப்பு எழுதலாம். துகள் கட்டியானா இல்லாத சுவர் தெரியும், ஜாக்கிரதைன்னு. கட்டி வெச்சு இருநூறு செல்லு, கட்டி இல்லாம நூறு. இவ்வளவு யார்கிட்ட இருக்கு? நீ முதல் பேரு. நான் கடைசி. நடுவுல பனியா."

மேல வந்து என்கிட்ட சொன்னா. நான் நல்ல விஷயம்தானேன்னேன்.

"நல்ல விஷயமா? பத்தொம்பது வருஷம் ஒழுங்கா வேலை பாத்தேன், கீழ பொடி எழுத்துல போட்டான். ஒரு தடவை கோட்டை விட்டேன், தலைப்புக்குக் கீழ பேரப் போடறான்."

"வேணாம்னு சொல்லேன்."

"சொல்லலாம்." ரொம்ப நேரம் கையுறைய விரல் விரலா கழட்டினா. "ஆனா அந்த இருநூறு செல்லும் நான்தானே பிடிச்சேன். வேற யாரு பேர போடறது?"

எழுதினாங்க. ஃபெர்கஸ் எழுதினதுல ‘துகள்கள் எதிர்பாராத காந்தப் பாதிப்புக்கு ஆளாயின’ன்னு இருந்துச்சு. க்ளெனிஸ் அத அடிச்சுட்டு, காந்தக் கட்டைய ஃப்ரிட்ஜ் தட்டுக்கு அடியில ஒன்பது மாசம் ஒட்டி வெச்சிருந்தோம், குப்பி அதுக்கு நேர் மேல இருந்துச்சுன்னு எழுதினா. "இத படிக்கறவ அவ ஃப்ரிட்ஜ் தட்டுக்கு அடியில கைய விட்டுப் பாக்கணும். பாதிப்புக்கு ஆளாச்சுன்னு எழுதினா எங்க போய் கைய விடுவா?"ன்னா ஃபெர்கஸ்கிட்ட. ஃபெர்கஸ் ரெண்டு நாள் முறைச்சுக்கிட்டு இருந்துட்டு விட்டுட்டான்.

ஜூன்ல அனுப்பினாங்க. ஆகஸ்ட்ல பதில் வந்துச்சு. பத்திரிகைக்காக குறிப்பப் படிச்சு கருத்து சொல்றவங்க ரெண்டு பேரு. ஒருத்தர் நல்லா இருக்குன்னு ரெண்டு வரி. இன்னொருத்தர் எழுதினத நான் க்ளெனிசுக்குப் படிச்சுக் காட்டினேன், கண்ணாடிய மூக்கு நுனியில வெச்சு, தொண்டையக் கனைச்சு:

"‘இக்குறிப்பில் கூறப்பட்டுள்ளவை இத்துறையில் உள்ள அனைவரும் நன்கு அறிந்தவையே. புதுமை ஏதும் இல்லை. வெளியிடப் பரிந்துரைக்க இயலாது.’"

அவ சிரிப்பான்னு நெனச்சேன். தாள வாங்கி அவளே ஒரு தடவை படிச்சா.

"எல்லாருக்கும் தெரியுமாம்."

"சும்மா சொல்றான்."

"இல்லடா, தெரிஞ்சுதான் இருக்கும். ஒவ்வொரு லேப்லயும் எவனோ ஒருத்தன் ஒரு தடவை கோட்டை விட்டிருப்பான், வாய மூடிக்கிட்டு குப்பியக் கொட்டியிருப்பான். எல்லாருக்கும் தெரியும்னா எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல?"

ஃபெர்கஸ் வந்தான். "பாரு, பாரு, பாரு. விட்டுடலாம். இவங்ககிட்ட மல்லுக்கு நிக்க முடியாது. வேணும்னா நான் பணிவா ஒரு பதில் எழுதறேன், ‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ன்னு."

"முதல் பேரு யாரோடது?"ன்னா.

"உன்னோடது. ஆனா..."

"பதில் முதல் பேருதானே எழுதணும்?"

அவன் என்னப் பாத்தான். நான் ஜன்னலப் பாத்தேன்.

அவ கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா. ரெண்டு விரல்ல தட்டறவ, அதுக்கே முக்கால் மணி நேரம் ஆச்சு. நான் எட்டிப் பாத்தேன், தள்ளிப் போகச் சொல்லல. இதுதான் எழுதியிருந்தா:

‘எல்லாருக்கும் தெரியும்னு எழுதியிருக்கீங்க. எனக்குத் தெரியாது. பத்தொம்பது வருஷமா இந்த வேலைதான் பாக்கறேன். தெரியாததால இருநூத்திப் பதினாறு செல்லும் ஒன்பது மாசமும் போச்சு. இது எங்க எழுதியிருக்குன்னு சொல்லுங்க, அதப் படிச்சுட்டு எங்க குறிப்ப நாங்களே திரும்ப வாங்கிக்கறோம். எங்கயும் எழுதலைன்னா, இத போடுங்க.’

"கொஞ்சம் காரம் ஜாஸ்தி"ன்னான் ஃபெர்கஸ், அவ தோளுக்குப் பின்னாடி நின்னு.

"எந்த வரி பொய்?"

அவன் மறுபடி படிச்சான். உதட்டக் கடிச்சுக்கிட்டே படிச்சான். "பொய் எதுவும் இல்ல"ன்னான்.

"அப்ப சரி"ன்னு அனுப்பற பட்டன அமுக்கிட்டா.

அது போய் இன்னியோட ஆறு வாரம். தினமும் காலைல வந்ததும் பைய கூட கீழ வெக்காம கம்ப்யூட்டர திறந்து பாக்கறா. வரல. மூஞ்சி கடுகடுன்னு ஆயிடுது, பத்தரை டீ வரைக்கும் யாரும் கிட்ட போறதில்ல. இன்னிக்குக் காலைலயும் பாத்தா. பாத்துட்டு மூடிட்டு, "அவனுக்கும் எங்க எழுதியிருக்குன்னு கிடைக்கல போல"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு, குப்பிய எடுத்துக்கிட்டு கீழ மைக்ராஸ்கோப் ரூமுக்குப் போயிட்டா. குப்பி மேல தாள் சுத்தல, வெளிச்சம் படாத ஒரு டப்பாவுக்குள்ள வெச்சுக் கொண்டு போறா.